மதியம் இடி... ராத்திரி நட்சத்திரம்! வேலூர் - ஆம்பூர் பக்கம் கோடை வானத்தைப் படிப்பது எப்படி?

பங்குனி கடைசியில் ஆரம்பித்து வைகாசி முடியும்வரை வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எல்லோரிடமும் இருப்பது ஒரே கேள்விதான். "இன்னைக்காவது மழை வருமா?" மொபைலைத் திறந்தால் வெதர் ஆப்பில் 40 டிகிரி என்று இருக்கும். பக்கத்திலேயே ஒரு குட்டி மேகம், அதற்குக் கீழே ஒரு மின்னல் குறி. ஆற்காட்டில் கொட்டித் தீர்க்கும். கலவையில் தூசிக்காற்றோடு நின்றுவிடும். ஆப் பொய் சொல்லிவிட்டதாக நாம் திட்டுவோம்.

ஆப் மேல் தப்பில்லை பாஸ். கோடை மழையின் குணமே அப்படித்தான். இந்தத் தெருவில் பெய்யும், அடுத்த தெருவை விட்டுவிடும். ஊர் முழுக்க ஒரே படம் போட்டுக் காட்டும் ஆப்பால் அதைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஆனால், தலைக்கு மேலே இருக்கும் வானம் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே சிக்னல் கொடுத்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் காய்கிற நெல்லையும் தோலையும் காப்பாற்றலாம், சில நேரம் உயிரையும் காப்பாற்றலாம். மழை விட்ட பிறகு அதே வானம் காட்டும் நட்சத்திரங்கள் தனி போனஸ்.

கோடை மழை எங்கிருந்து வருது?

அக்டோபர் முதல் டிசம்பர்வரை நமக்கு வரும் வடகிழக்குப் பருவமழை, வங்கக்கடலில் இருந்து பெரிய மேகக் கூட்டமாக வந்து பல மாவட்டங்களை ஒன்றாக நனைக்கும். கோடை மழை அப்படி இல்லை. அது பெரும்பாலும் நம்ம ஊர்ப் பக்கமே உருவாகி, நம்ம ஊர்ப் பக்கமே கொட்டி முடிந்துவிடும். மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 125 மில்லிமீட்டர்தான். அதுவும் சில நாள்களில், சில மணி நேரங்களில் வந்துவிடும்.

இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். சமையல் மாதிரிதான்.

முதலில் சூடு. காலையிலிருந்து காய்ந்த தரை, தன் மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி மேலே ஏறும்.

இரண்டாவது ஈரம். மதியத்துக்கு மேல் வங்கக்கடலில் இருந்து கடல்காற்று உள்ளே வரும். சென்னையில் மதியம் நுழைவது காஞ்சிபுரம், அரக்கோணம் தாண்டி, சில நாள்களில் சாயங்காலம் வேலூர் பக்கம் வரைக்கும் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, தூக்கிவிட ஒரு கை. மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்றும் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில், காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஜவ்வாது மலை, ஏலகிரி மாதிரி மலைகளும் அதே வேலையைச் செய்யும். காற்று சரிவில் மோதி மேலே ஏறும். அதனால்தான் முதல் மேகம் பல நாள் மலைப்பக்கமே எழும்பி, பிறகு சமவெளிக்கு இறங்குகிறது.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் மழை கிடையாது. 2019-ல் ஃபானி புயல் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டுக்கு வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அது திசை மாறி மே 3-ம் தேதி ஒடிசாவில் கரையைக் கடந்தது. இங்கே மழைக்குப் பதிலாக வெயில்தான் ஏறியது. கடலில் புயல் வடக்கே விலகிப் போகும்போது, மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்றை நம் மேல் இழுத்துவிடும். கடல்காற்றும் உள்ளே வர முடியாது. சூடு இருக்கும், ஈரம் இருக்காது. அடுத்த முறை 'வங்கக்கடலில் புயல்' என்று நியூஸ் வந்தால், அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு சந்தோஷப்படுங்க.

மேகத்தின் டைம் டேபிள்

கோடை இடிமழைக்குக் கிட்டத்தட்ட ஒரு நிரந்தர டைம் டேபிள் இருக்கிறது. நிமிடக் கணக்கு மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது.

காலை 10 - 12: நீல வானத்தில் சின்னச் சின்ன பஞ்சு உருண்டைகள். அடிப்பக்கம் தட்டையாக, ஒரே உயரத்தில் மிதக்கும். இந்த நேரத்தில் கவலை இல்லை. இவை அப்படியே கரைந்துவிட்டால் அன்று மழை வாய்ப்பும் குறைவு.

மதியம் 1 - 3: உருண்டைகளில் ஒன்றிரண்டு மட்டும் வேகமாக வளரும். அகலத்தைவிட உயரம் அதிகமாகும். மேல்பகுதி காலிஃபிளவர் மாதிரி, ஓரமெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகத் தெரியும். இதுதான் முதல் எச்சரிக்கை. பத்து நிமிடம் கழித்து அதே மேகத்தைத் திரும்பப் பாருங்க. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருந்தால், இனி ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ நடக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மதியம் 3 - 5: மேகத்தின் தலை தட்டையாகி, ஒரு பக்கம் நீண்டு, கொல்லன் பட்டறையில் இருக்கும் அடைகல் மாதிரி ஆகும். அதன் ஓரம் கூர்மை போய், புகை மாதிரி நார்நாராகும். மேகம் 10 கிலோமீட்டருக்கு மேலே போய், உச்சியில் பனிக்கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அங்கே பனித்துகள்கள் ஒன்றோடு ஒன்று மோதி உரசும்போதுதான் மின்சாரம் பிரிகிறது. அடைகல் தெரிந்தால் மின்னல் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து காற்று. அதுவரை அனலாக இருந்தது திடீரென்று ஜில்லென்று, மண்ணையும் குப்பையையும் தூக்கிக்கொண்டு வரும். எங்கோ மழை விழுந்துகொண்டிருக்கிறது. அது குளிரவைத்த காற்று தரையில் மோதி, நாலு பக்கமும் பரவி, மழைக்கு முன்னால் ஓடி வருகிறது. சில நிமிடங்களில் வெப்பநிலை 10 டிகிரிகூட இறங்கலாம். "ஆஹா!" என்று மொட்டை மாடிக்கு ஓடத் தோன்றும். போகாதீங்க. தகர ஷீட்டும் பேனரும் பறப்பதும், முருங்கை முறிவதும், மின்கம்பி அறுவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். மேகத்துக்குள் மேலேறும் காற்று ரொம்ப வலுவாக இருந்தால், பனிக்கட்டிகள் கரைவதற்குள் தரைக்கு வந்துவிடும். அதுதான் ஆலங்கட்டி மழை.

பிறகு கொட்டும். ஒரு தனி மேகத்தின் மொத்த ஆயுளே ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஆனால், முதல் மேகம் பரப்பிய குளிர்காற்று பக்கத்து ஊரில் இன்னொரு மேகத்தைத் தூக்கிவிடும். அதனால் 'விட்டுடுச்சு' என்று நினைத்த பிறகு இரண்டாவது ரவுண்டு வருவதும் சகஜம்.

களத்துக்கு எப்போ ஓடணும்?

இந்த டைம் டேபிளைத் தெரிந்துகொள்வதில் நம்ம பக்கத்துக்கு ஒரு தனி அவசியம் இருக்கிறது. கோடையில் இங்கே காயாத பொருளே கிடையாது.

கலவை, ஆற்காடு பக்கம் நவரை நெல் அறுவடைக்கு வரும் நேரம் இது. களத்திலும் ரோட்டோரத்திலும் நெல் கிடக்கும். கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் அடுக்கி இருக்கும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனிகளில் பதனிட்ட தோலைக் காயவைக்க வெயிலும் காற்றும் வேண்டும். நனைந்தால் கறை, பூஞ்சை, தரம் இறங்குதல் என்று வரிசையாக நஷ்டம். வீட்டில் வடகம், மிளகாய், புளி. மாந்தோப்பில் இன்னும் ஒரு வாரத்தில் பறிக்க வேண்டிய காய், ஒரே காற்றில் உதிர்ந்துவிடும்.

அதனால் முதல் சொட்டு விழுந்ததும் எல்லோரும் வெளியே ஓடுகிறோம். தார்ப்பாய் இழுக்க, தோலை உள்ளே எடுக்க, துணியை அள்ள, மாட்டை அவிழ்க்க. கணக்குப் பார்த்தால், திறந்தவெளியில் நிற்க மிக ஆபத்தான நேரத்தில்தான் வீட்டில் இருக்கும் எல்லோரும் திறந்தவெளியில் நிற்கிறோம். இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள். அதில் பெரும்பகுதி வயலிலும் வெளியிலும் வேலை செய்கிறவர்கள்.

தீர்வு எளிது. ஓடும் நேரத்தை மாற்றுங்க. காலிஃபிளவர் தெரிந்ததும் தார்ப்பாயைத் தயாராக வையுங்க. அடைகல் தெரிந்ததும் மூடிவிடுங்க, எடுத்துவிடுங்க. குளிர்காற்று அடித்த பிறகு எதற்கும் வெளியே போக வேண்டாம். வீட்டிலோ கம்பெனியிலோ வேலை மும்முரத்தில் இருக்கும் பெரியவர்கள் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். கையில் போனும், பார்க்கும் கண்ணும் இருக்கும் நீங்கதான் அந்தக் குரலைக் கொடுக்க வேண்டும்.

மின்னல்: எண்ணத் தெரிந்தால் போதும்

மின்னல் வெளிச்சம் உடனே வந்துவிடும். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க சுமார் 3 விநாடி ஆகும். பளிச் என்றதும் எண்ண ஆரம்பிங்க. வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 9 விநாடி என்றால் 3 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் சத்தம் கேட்டாலே நீங்க ஆபத்து வளையத்துக்குள் இருக்கீங்க. உள்ளே போங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வாங்க. மழை விட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

* பாதுகாப்பு: கான்கிரீட் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், பஸ். 
* பாதுகாப்பு இல்லாதவை: புளியமரத்தடி, பனைமரத்தடி, பக்கச்சுவர் இல்லாத கொட்டகை, பம்ப்செட் அருகே, ஏரிக்கரை, மொட்டை மாடி, பைக். பைக்கில் போகும்போது இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல், பக்கத்தில் கட்டடம் எங்கே என்று பாருங்க.
* வீட்டுக்குள்: சார்ஜரில் போட்ட போனைக் கையில் வைத்துப் பேச வேண்டாம். டிவி, மோடம் பிளக்கை முன்னாடியே பிடுங்கிவிடுங்க. இடி இடிக்கும்போது குளிப்பது, குழாயில் பாத்திரம் கழுவுவது வேண்டாம். குழாய் வழியாகவும் மின்சாரம் வரும்.
* போன் மின்னலை இழுக்குமா? இழுக்காது. ஒயரில் மாட்டியிருந்தால், ஒயர் வழியாக வருவதுதான் பிரச்னை.
* வயலின் நடுவில் மாட்டிக்கிட்டீங்களா? கூட்டமாக நிற்காமல் விலகி நில்லுங்க. வேறு வழியே இல்லை என்றால் மட்டும், பாதங்களைச் சேர்த்துக் குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொள்ளுங்க. படுக்கக் கூடாது.
* யாரையாவது மின்னல் தாக்கினால்: அவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது, அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. இதயம் நின்றிருக்கலாம். உடனே 108-க்கு அழைத்துவிட்டு, சி.பி.ஆர் கொடுக்க ஆரம்பிங்க. தொடத் தயங்கி வீணாகும் நிமிடங்கள்தான் உயிரை எடுக்கும்.

போனில் எதைப் பார்க்கணும்?

வானத்தையும் போனையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். மூன்று விஷயம் போதும்.

தாமினி ஆப்: புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. உங்க இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் சொல்லும். லொக்கேஷனை ஆன் பண்ணி வைத்தால்தான் வேலை செய்யும்.

ரேடார் படம்: சென்னையில் இருக்கும் டாப்ளர் ரேடாரின் பார்வைக்குள் நம்ம பகுதியும் வருகிறது. வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் படம் அடிக்கடி புதுப்பிக்கப்படும். நீலம், பச்சை என்றால் லேசான மழை. மஞ்சள், சிவப்பு என்றால் கனமான மேகம். ஒரே படத்தை மட்டும் பார்க்காமல் நாலைந்து படங்களை வரிசையாகப் பாருங்க. சிவப்புப் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது, வளர்கிறதா, கரைகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்று மணி நேர முன்னறிவிப்பு: வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக அடுத்த 3 மணி நேரத்துக்கு இடி மழை எச்சரிக்கை தரும். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'பேய் மழை' ஃபார்வேர்டுகளை இதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அனுப்புங்க.

அக்னி நட்சத்திரம் என்பது வெயிலா, நட்சத்திரமா?

இரண்டும்தான். இங்கேதான் வானிலையும் வானியலும் கைகோக்கின்றன.

பஞ்சாங்கப்படி சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிப் பயணிக்கும் காலம்தான் அக்னி நட்சத்திரம், நம்ம ஊர்ப் பேச்சில் கத்திரி. இப்போதெல்லாம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி, மே 28, 29 வாக்கில் முடிகிறது. வானிலைத் துறை குறித்துக் கொடுத்த தேதி இல்லை இது. கார்த்திகை நட்சத்திரத்துக்கு அக்னிதான் அதிதேவதை என்பதால் வந்த பெயர்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஏப்ரல் முதல் வாரத்தில், இருட்டியதும் மேற்கே பாருங்க. சின்னதாக ஒரு நட்சத்திரக் கொத்து இருக்கும். அதுதான் கார்த்திகை. நாளாக நாளாக அது அடிவானத்தை நோக்கி இறங்கும். மே தொடங்கும்போது காணாமல் போய்விடும். சூரியன் அதன் பக்கத்தில் போய்விட்டதால் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடுகிறது. ஜூன் நடுவில், விடிகாலையில் கிழக்கே திரும்பத் தலைகாட்டும். கார்த்திகை வானத்தில் இல்லாத நாள்களின் நடுப்பகுதிதான் கத்திரி.

இன்னொரு சுவாரஸ்யம். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவாகத் தலையாட்டுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் தேதிகள் பருவத்தோடு ஒப்பிட்டால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தள்ளிப் போகின்றன. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே கத்திரி சுமார் 24 நாள் முன்னதாக, இன்றைய கணக்கில் ஏப்ரலிலேயே ஆரம்பித்திருக்கும்.

நிழல் இல்லாத நாள்

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது கத்திரிக்கும் முன்னாடியே நடந்துவிடுகிறது. வேலூர், கலவை, ஆம்பூர் எல்லாம் 13 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கும் ஊர்கள். இங்கே ஏப்ரல் 24-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இரண்டு முறை உச்சிவேளையில் நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும்.

கடிகாரம் 12 அடிக்கும்போது பார்த்தால் தப்பு. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே இருக்கும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் ஏப்ரலில் கலவைக்கு உண்மையான உச்சி 12.10 மணியைத் தாண்டித்தான் வரும். ஒரு தண்ணி பாட்டிலை சமதரையில் நேராக நிறுத்தி, 12.05-லிருந்து நிமிடத்துக்கு ஒரு போட்டோ எடுங்க. நிழல் மறையும் நிமிடம் கிடைத்துவிடும். ஏப்ரல் 24 தாண்டி ஆகஸ்ட் 18 வரைக்கும் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால், உச்சிவேளை நிழல் தெற்குப் பக்கம் விழும். வெயில் எந்தச் சுவரில் அடிக்கும், கூலர் எங்கே வைக்கலாம், செடித்தொட்டியை எங்கே நகர்த்தலாம் என்பதற்கெல்லாம் இது பயன்படும்.

மழை விட்ட ராத்திரி

சாயங்காலம் ஒரு மழை பெய்து, மேகம் விலகி, கடைசி இடி கேட்டு அரை மணி நேரமும் ஆகிவிட்டதா? இப்போ மாடிக்குப் போங்க. பகல் முழுக்க காற்றில் தொங்கிக்கொண்டிருந்த தூசியை மழை கழுவிவிட்டிருக்கும். கோடையில் நட்சத்திரம் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நிலா இல்லாத, அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால் இன்னும் சிறப்பு. இருட்டில் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். அதுவரைக்கும் ரீல்ஸுக்கு லீவு விடுங்க.

அளவெடுக்க ஒரு டிரிக். கையை முழுசாக நீட்டி முஷ்டி பிடித்தால், முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி.

வடக்கே: அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். நமக்கு அது இவ்வளவு தாழ்வாகத்தான் தெரியும், மலையோ கட்டடமோ மறைத்துவிடும். அதற்கு மேலே அகப்பை மாதிரி ஏழு நட்சத்திரம், சப்தரிஷி மண்டலம். கைப்பிடியில் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். உற்றுப் பாருங்க, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மங்கலாக அருந்ததி. பகல் முகூர்த்தத்தில் மணமக்களுக்குக் காட்டும் அதே அருந்ததியை, சித்திரை, வைகாசி ராத்திரிகளில் நிஜமாகவே பார்க்கலாம்.

உச்சியில்: சப்தரிஷியின் கைப்பிடி வளைவை அப்படியே நீட்டிக்கொண்டே வந்தால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று ஒன்று. அது சுவாதி. இன்னும் நீட்டினால் நீலவெள்ளையாக சித்திரை. இதன் அருகே முழுநிலவு வரும் மாதம் என்பதால்தான் நம் மாதத்துக்கே சித்திரை என்று பெயர்.

தெற்கே: ஏப்ரல் முன்னிரவில் தென்மேற்கே தாழ்வாகப் பிரகாசிப்பது அகத்தியர். இரவு 10 மணிக்குள் மறைந்துவிடும். மே மாதம் இரவு 9 மணியை ஒட்டி, நேர் தெற்கே ஒன்றரையிலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் நாலு நட்சத்திரம் பட்டம் மாதிரி நிற்கும். அதுதான் தெற்குச் சிலுவை. ஆஸ்திரேலியா கொடியில் இருப்பது இதேதான். லண்டனில் இருப்பவர்களால் இதை ஊரில் இருந்து பார்க்கவே முடியாது. ஆம்பூரில் மலை மறைத்தால், கலவைப் பக்கத்து ஏரிக்கரையும் வயல்வெளியும்தான் சரியான இடம்.

சவால்: சித்திரை தெற்கே உச்சத்தில் நிற்கும் நேரத்தில், மே நடுவில் இரவு 10 மணி வாக்கில், அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்க. நல்ல இருட்டில் புகை மாதிரி ஒரு நட்சத்திரம் தெரிந்தால், அது ஒற்றை நட்சத்திரம் இல்லை. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில், லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒமேகா சென்டாரி கொத்து. சாதாரண பைனாகுலரில் பார்த்தாலே அசந்துபோவீங்க.

மே 6-ஐ ஒட்டிய விடிகாலைகளில், 3.30 மணிக்கு மேல் கிழக்கே பார்த்தால் எரிநட்சத்திரங்கள் விழும். ஹாலி வால்நட்சத்திரம் உதிர்த்துவிட்டுப் போன தூசி அது. கத்திரி ஆரம்பிக்கும் வாரத்திலேயே இது வருவதால், புழுக்கத்தில் மாடியில் படுப்பவர்களுக்கு இலவச ஷோ.

போட்டோ எடுக்க: போனை எதிலாவது சாய்த்து அசையாமல் வைத்து, நைட் மோடு, டைமர் போடுங்க. புரோ மோடு இருந்தால் ஐ.எஸ்.ஓ 800-லிருந்து 1600, ஷட்டர் 10 விநாடி, ஃபோகஸ் இன்ஃபினிட்டி. மின்னலை எடுக்க ஆசையா? வீட்டுக்குள் இருந்தபடி ஜன்னல் வழியாக வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒரு ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்க. அதற்காக மாடிக்குப் போகாதீங்க.

பக்கத்து மலையில் ஒரு பெரிய கண்

நம்ம வானம் எவ்வளவு விசேஷம் என்பதை ஒருவர் ரொம்ப முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். வானியலாளர் வைணு பாப்பு. கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த அவர், நட்சத்திரங்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் தேடி, ஜவ்வாது மலையில் ஆலங்காயம் அருகே காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் ஒரே இடத்திலிருந்து தெரியும்.

1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு காவலூர் வேலையை ஆரம்பித்தது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு, வியாழனின் துணைக்கோளான கனிமீடைச் சுற்றி வளிமண்டலத்தின் அடையாளம் இங்கே பதிவானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, உலகில் யுரேனஸின் வளையங்களின் சுவடைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க வைணு பாப்பு இல்லை. 1982-லேயே இறந்துவிட்டார். அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர்தான்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போகலாம். பொதுமக்களுக்கு சனிக்கிழமைகளில்தான் அனுமதி. இதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தளத்தில் நேரத்தையும் நடைமுறையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்க. மேகம் இருந்தால் ராத்திரி வானம் கிடைக்காது. அதனால் மேலே சொன்ன ரேடார், காலிஃபிளவர் பாடங்களை அன்றைக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் மலை என்பதால், மேகம்தான் அங்கிருக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெரிய தலைவலி. பிறகு லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் அடுத்த தொலைநோக்கியை வைத்ததற்கு, அங்கே மழையும் மேகமும் குறைவு என்பதும் ஒரு காரணம்.

வெளிச்சத்தைக் கீழே திருப்புங்க

மேகம் வந்தால் விலகிவிடும். விலகாத ஒன்று இருக்கிறது, வெளிச்சம். மழை விட்ட ராத்திரி வெளியே நின்று பாருங்க. ஊர் இருக்கும் திசையில் மேகத்தின் அடிப்பக்கம் வெளுத்துத் தெரியும். தெருவிளக்கும், நெடுஞ்சாலை ஹோட்டலும், கம்பெனி காம்பவுண்ட் ஃப்ளட்லைட்டும் வீணாக மேலே அனுப்பும் வெளிச்சம் அது. அதுதான் ஒமேகா சென்டாரியை நம்மிடமிருந்து மறைக்கிறது. ஒவ்வொரு எல்.இ.டி-யும் மலைக்கு மேலே இருக்கும் தொலைநோக்கியின் வானத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கவைக்கிறது.

ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே கிராமத்து விளக்குகளுக்கு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பியிருக்கிறார்கள். யாரும் இருட்டில் நடக்கவில்லை. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும் அக்காவுக்குத் தெருவில் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். அது தரையில் விழ வேண்டும், வானத்தில் இல்லை. உங்க வீட்டு வாசல் விளக்கை மஞ்சள் நிறத்துக்கு மாற்றி, மேல்பக்கம் ஒரு மூடி போட்டு, தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிட்டால் கரன்ட் பில்லும் குறையும்.

இந்த வாரமே ஆரம்பிக்க...

1. தாமினியை டவுன்லோடு பண்ணி, லொக்கேஷன் ஆன் பண்ணுங்க. வீட்டில் வயலுக்குப் போகிறவர்களின் போனிலும் போட்டுக்கொடுங்க.
2. தினமும் மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் மேற்கே, மலைப்பக்கம் ஒரு போட்டோ. இரண்டு வாரத்தில் மேகத்தின் மொழி பழகிவிடும்.
3. காலிஃபிளவர் என்றால் தயார். அடைகல் என்றால் மூடு. குளிர்காற்று என்றால் உள்ளே.
4. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்க. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்க.
5. மழை விட்ட முதல் ராத்திரி, வாசல் விளக்கை அணைத்துவிட்டு அருந்ததியைத் தேடுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்க.